ஆழங் கண்ட அறிஞர் ஹால்டேன்

திண்டுக்கல் சமவெளியிற் பிறந்து வளர்ந்தவர்க்குக் கிணற்றின் ஆழம் புதிதன்று. மழை குறைந்த இப்பகுதியில் உழவர் பாறையைப் பிளந்து நீரைத் தேடி வெட்டிய கிணறுகள் ஊர்தோறும் உள்ளன. கோடையில் சிறுவர் அவற்றிற் குதித்து மூழ்கி மகிழ்வர். மேல்நீர் வெதுவெதுப்பாயிருக்க, அடிநீர் உடலை நடுக்கும் குளிர்ச்சியாயிருப்பதை அவர் அறிவர். சற்று ஆழஞ் சென்றவுடன் காதிற் குத்து உண்டாவதையும் அறிவர். தூர் வாரப் புகுவோர் முதலில் ஒரு விளக்கைக் கயிற்றிற் கட்டி இறக்கிப் பார்ப்பதும், அஃது அணைந்துபோனால் தாம் இறங்காமல் நிற்பதும் நம் முன்னோர் வழக்கம். குளிர், நீரின் அழுத்தம், கெட்ட காற்று ஆகிய இம்மூன்றும் ஆழத்திற்கு இறங்குவோரை எதிர்த்து நிற்கும் பகைகள்.

இம்மூன்று பகைகளையும் தம் சொந்த உடலின்மேல் ஏவி, அவற்றின் வலிமையை அளந்து உலகிற்கு எடுத்துரைத்த அறிஞர் ஒருவர் இருந்தார். இன்று உலகின் குளிர்ந்த ஏரிகளிலும் கடல்களிலும் முதுகிற் காற்றுக் கலத்தைச் சுமந்து கரையிலிருந்து நடந்து சென்று மூழ்குவோர், தாம் அறிந்தோ அறியாமலோ, அவருக்கும் அவர் தந்தையார்க்கும் கடன்பட்டவராவர். இங்கிலாந்திற் பிறந்து, இந்தியக் குடிமகனாய் இந்நாட்டிலேயே உயிர்நீத்த ஜான் பர்டன் சாண்டர்ஸன் ஹால்டேன் என்பாரே அப்பெரியார். மரபியல் அறிஞர் என்ற முறையில் அவர் பெயரை நம் மாணவர் பலர் கேட்டிருப்பர். ஆழத்தின் அறிஞர் என்ற முறையில் அவரை அறிந்தவர் சிலரே. ஆதலின் அவர் வாழ்க்கையை அப்பக்கமாக நின்று ஈண்டு நோக்குவோம்.

ஹால்டேன் 1892ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 5ஆம் நாள் ஆக்ஸ்போர்டு நகரிற் பிறந்தார். தந்தையார் ஜான் ஸ்காட் ஹால்டேன் மூச்சின் இயல்பை ஆராய்ந்த பெரும் புலவர். ஸ்காட்லாந்திலுள்ள பழங்குடி ஒன்றைச் சார்ந்தவர். பொறுத்துக்கொள் என்று பொருள்படும் ஒரே சொல்லே அக்குடியின் குலமொழியாம். அச்சொல்லை அவர் தம் ஆராய்ச்சியின் நெறியாகவும் கொண்டார் போலும். சுரங்கங்களிலும் சாக்கடைகளிலும் தாமே இறங்கிக் கெட்ட காற்றை மூச்சில் வாங்கி, அதனால் உடலில் நேரும் மாறுதல்களைக் குறித்துக்கொள்வது அவர் வழக்கமாயிருந்தது.

நிலக்கரிச் சுரங்கத்தில் வெடி நேர்ந்தபின் மாண்டவர்களிற் பெரும்பாலோர் வெடியினால் இறக்கவில்லை என்றும், கார்பன் மோனாக்ஸைடு என்னும் நச்சுக்காற்றினால் இறந்தனர் என்றும் 1896இல் அவர் காட்டினார். அந்நச்சுக்காற்றுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அதனை விளக்கும் காட்டிக்கொடாது. ஆகவே, மனிதரினும் விரைந்து மூச்சுவிடும் சிற்றுயிர்களை உடன் கொண்டுசெல்ல வேண்டும் என்று அவர் அறிவுறுத்தினார். சுரங்கத் தொழிலாளர் கூண்டிற் குருவியைத் தூக்கிச் சென்ற வழக்கம் இவ்வாறு தோன்றியதே. 1905இல் பிரீஸ்ட்லி என்பாருடன் கூடி அவர் வெளியிட்ட மற்றோர் உண்மை இதனினும் ஆழ்ந்தது. நமக்கு மூச்சுத் திணறலை உண்டாக்கி மேன்மேலும் மூச்சுவிடத் தூண்டுவது பெரும்பாலும் பிராணவாயுவின் குறைவன்று, உடலிற் சேரும் கரியமிலவாயுவின் மிகுதியே என்பது அவ்வுண்மை. கிணற்றில் நெடுநேரம் மூழ்கவேண்டிப் பலமுறை வேகமாக மூச்சை இழுத்துவிட்டுக் குதிக்கும் இளைஞர் இதனைக் கருத்திற் கொள்ளவேண்டும். அவ்வாறு செய்வதனாற் கரியமிலவாயு குறைந்துபோகும். மூச்சு வேண்டுமென்னும் எச்சரிக்கை பிறக்குமுன்னரே பிராணவாயு தீர்ந்து, நீருக்குள்ளேயே நினைவு அற்றுப்போகும். நீந்துவதில் வல்லவர் சிலர் காரணமின்றி மூழ்கி இறந்தாராகச் சொல்லப்படுவதற்கு இதுவும் ஒரு காரணமாம்.

இத்தகைய தந்தையார்க்கு மகன் இளமையிலேயே உதவியாளனாய் அமைந்தான். ஒருமுறை தந்தையார் சிறுவனை நிலக்கரிச் சுரங்கத்திற்கு அழைத்துச் சென்று, தீப்பற்றும் காற்றுத் தங்கியிருந்த ஓரிடத்தில் நிற்கவைத்து, ஷேக்ஸ்பியர் நாடகத்திலுள்ள புகழ்பெற்ற பேச்சொன்றை ஒப்பிக்கச் சொன்னார். சில அடிகளுக்குள்ளாகவே சிறுவன் கால் தளர்ந்து கீழே விழுந்தான். விழுந்த இடத்தில் நல்ல காற்று இருந்தமையால் உடனே தெளிந்தெழுந்தான். அக்காற்று இலேசானது, கூரையை ஒட்டியே நிற்கும் என்னும் பாடத்தை அவன் அன்றுமுதல் மறக்கவில்லை. நம் கிணறுகளில் நிலைமை இதற்கு நேர்மாறானது. ஆங்குத் தேங்கும் கரியமிலவாயு காற்றினும் கனமானது. அஃது அடியிலேயே படிந்து நிற்கும். சுரங்கத்தில் விழுந்தவன் பிழைத்தான். கிணற்றில் விழுந்தவன் பிழைப்பதரிது. அவனைத் தூக்க இறங்குபவனும் அவனுடனே மடிவதை நாம் ஆண்டுதோறும் செய்தித்தாள்களிற் காண்கின்றோம்.

இனி நீரின் அழுத்தத்தைப்பற்றிச் சிறிது கூறல் வேண்டும். நம்மேல் எப்பொழுதும் காற்று மண்டலத்தின் பாரம் அழுத்திக்கொண்டிருக்கின்றது. நன்னீரில் ஏறக்குறைய 34 அடி ஆழஞ் சென்றால் அத்தகைய பாரம் இன்னொன்று சேர்ந்து, அழுத்தம் இருமடங்காகின்றது. 68 அடியில் மும்மடங்காகின்றது. உப்புநீர் சற்றுக் கனமானதால் கடலில் 33 அடியிலேயே இருமடங்காகும். அவ்வாழத்தில் ஒருவன் மூச்சுவிட வேண்டுமாயின் அவனுக்குக் கொடுக்கும் காற்றும் அதே அழுத்தத்தில் இருத்தல் வேண்டும். அங்ஙனம் அழுந்திய காற்றிலுள்ள நைட்ரஜன், சோடாப் புட்டியில் வாயு கரைந்திருப்பதுபோல, இரத்தத்திலும் கொழுப்பிலும் நரம்பிலும் கரைந்து தங்குகின்றது. அவன் விரைந்து மேலே வந்தால், மூடியைத் திறந்த புட்டியிற் குமிழிகள் எழுவதுபோல உடலினுள்ளே குமிழிகள் எழுகின்றன. மூட்டுகளிற் பொறுக்கலாகா வலி, கைகால் முடக்கம், சிலவேளை மரணம் ஆகியவை விளைகின்றன. பாலங்களுக்கு அடித்தளமிடும் பொருட்டு ஆற்றுக்கடியில் அழுத்தக் காற்றில் வேலைசெய்த கூலியாட்கள் பலர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்நோய்க்கு இரையாயினர்.

பிரிட்டிஷ் கடற்படையார் இதற்கு ஒரு வழி காணுமாறு தந்தை ஹால்டேனை வேண்டினர். அவர் இரும்பு அறையொன்றில் வெள்ளாடுகளை அடைத்து, அழுத்தத்தை ஏற்றியும் இறக்கியும் நெடுநாள் ஆராய்ந்தார். அழுத்தம் பாதியாகக் குறையுமளவும் விரைந்து வரலாம், அதன்பின் படிப்படியாகத் தங்கித் தங்கி வரவேண்டும் என்பது அவர் கண்ட முடிவு. உடலின் சில பகுதிகள் நைட்ரஜனை விரைவிலும் சில பகுதிகள் மெதுவாகவும் ஏற்று விடுகின்றன என்பதைக் கணக்கிட்டு, எந்த ஆழத்தில் எத்துணை நேரம் தங்கினால் எங்கெங்கு எத்தனை நிமிஷம் நின்று வரவேண்டும் என்று அட்டவணை வகுத்தார். 1906இல் ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையிலுள்ள ஆழ்ந்த குடாவொன்றில் டாமன்ட், காட்டோ என்னும் கடற்படையினர் இருவர் இம்முறைப்படி 210 அடி ஆழம் இறங்கி நலமுடன் மீண்டனர். 1908இல் டாமன்ட், பாய்காட் ஆகியோருடன் சேர்ந்து தந்தையார் இதனை வெளியிட்டார். பிற்காலத்தார் அவ்வட்டவணையிற் பல திருத்தங்கள் செய்தனர். ஆயினும் இன்று முக்குளிப்போர் மணிக்கட்டிற் கட்டும் சிறு கணக்குப் பொறிகளிற் பலவற்றுக்கு அடிப்படை அக்கருத்தே.

அந்த 1906ஆம் ஆண்டுச் சோதனைகளின்போது பதின்மூன்று வயதுச் சிறுவனாகிய மகனும் உடனிருந்தான். அவனையும் முக்குளிப்பு உடையிற் புகுத்தி நீரில் இறக்கினர். பெரியவர்க்கென்று தைத்த உடையாதலால் மணிக்கட்டு வழியே குளிர்ந்த நீர் உட்புகுந்தது. சிறுவன் நடுங்கியபடியே இறங்கி, நடுங்கியபடியே மேலேறினான். ஆழத்தின் குளிரை ஹால்டேன் முதன்முதல் அறிந்தது அன்றுதான்.

பின்னர் அவர் ஈட்டன் பள்ளியிலும் ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையிலும் பயின்று, கணிதத்திலும் கிரேக்க இலத்தீன் இலக்கியத்திலும் முதல் வகுப்பிற் தேறினார். விஞ்ஞானத்தில் அவர் பட்டமொன்றும் பெற்றாரில்லை என்பது நம் மாணவர் வியக்கத்தக்க செய்தி. 1914இல் மகாயுத்தம் மூளவே, அவர் படையிற் சேர்ந்தார். 1915இல் ஜெர்மானியர் குளோரின் என்னும் நச்சுக்காற்றை ஏவியபொழுது, தந்தையார் போர்க்களத்திற்கு அனுப்பப்பட்டு, மகனையும் உடனழைத்துக்கொண்டார். இருவரும் வேறு சிலரும் கண்ணாடியடைத்த சிற்றறையில் நச்சுக்காற்றை நிரப்பி உள்ளே புகுந்து, முகமூடி அணிந்தும் அணியாமலும் மூச்சுவிட்டுச் சோதித்தனர். சோதனை முடிந்து படைக்குத் திரும்பிய மகன் விரைவிலேயே காயமுற்றார். பின்னர் மெசபொட்டேமியாவில் மீண்டும் காயமடைந்து, 1917இல் இளைப்பாறுமாறு இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார். இந்நாட்டை அவர் உளமார நேசித்தார். ஆனால் ஆளும் இனத்தவனாயிருந்து இம்மக்களோடு சமமாய்ப் பழகவியலாது என்று கண்டு, இந்தியா விடுதலை பெற்றபின்னரே திரும்புவதென்று உறுதிகொண்டார். அவ்வுறுதியை நிறைவேற்ற நாற்பதாண்டு சென்றது.

யுத்தம் முடிந்தபின் ஆக்ஸ்போர்டிலும், 1923 முதற் கேம்பிரிட்ஜிலும், 1933 முதல் லண்டன் யூனிவர்ஸிட்டி காலேஜிலும் அவர் ஆசிரியராயிருந்தார். டார்வினுடைய இயற்கைத் தேர்வுக் கொள்கையையும் மெண்டலுடைய மரபு விதிகளையும் கணிதத்தால் இணைத்துக் காட்டியவர் மூவருள் அவர் ஒருவர். ஏனையோர் பிஷர், ரைட் என்போர். 1932இல் ராயல் சொஸைட்டியின் உறுப்பினரானார். எனினும் மேசையடியில் அமர்ந்து கணக்கிடுவதோடு அவர் நிற்கவில்லை. இரத்தத்தின் புளிப்புத்தன்மை மாறினால் மூச்சு எவ்வாறு மாறும் என்றறியச் சோடா உப்பையும், நவச்சாரக் கரைசலையும் மிகுதியாகத் தாமே உட்கொண்டு, நாட்கணக்கில் மூச்சுத் திணறியபடி இருந்தார்.

விலங்குகளை வைத்துச் சோதிக்கலாகாதோ என்று கேட்கலாம். அவர்தம் கருத்து இதுவாகும்: முயல் தனக்குத் தலைவலிக்கின்றதா, கண் மங்குகின்றதா, அச்சம் தோன்றுகின்றதா என்று கூறவல்லதன்று, அறிவுடைய மனிதன் கூறவல்லான். பிறனொருவனைக் கூலிக்கு அமர்த்திச் சோதிக்கலாம். ஆயின் அவன் வலியைத் தான் அளக்க ஆராய்ச்சியாளனுக்கு என்ன உரிமை? ஆகவே முதலில் தானே இறங்கவேண்டும். இந்நெறி தந்தையிடமிருந்து வந்தது. இதனை மிகக் கடுமையாகச் சோதிக்கும் காலம் 1939இல் வந்தது.

அவ்வாண்டு ஜூன் 1ஆம் நாள் தீட்டஸ் என்னும் புதிய நீர்மூழ்கிக் கப்பல், லிவர்ப்பூல் விரிகுடாவில் வெள்ளோட்டத்தின்போது மூழ்கிற்று. உள்ளேயிருந்த 103 பேரில் நால்வரே தப்பினர். 99 பேர் மாண்டனர். மாண்டவரிற் கடற்படையினரேயன்றிக் கப்பல் கட்டிய தொழிலாளர் பலரும் இருந்தனர். கப்பலின் பின்பகுதி நீர்மட்டத்தின்மேல் தெரிந்துகொண்டிருந்தது. தப்புவதற்குரிய கருவிகளும் உள்ளே இருந்தன. அங்ஙனமிருந்தும் ஏன் இத்தனை பேர் மாண்டனர்? தொழிலாளர் சங்கங்கள் இக்கேள்விக்கு விடை காணுமாறு ஹால்டேனை வேண்டின. அவர் ஸ்பெயின் நாட்டு உள்நாட்டுப் போரிற் பங்குகொண்டிருந்த நால்வரைத் துணைக்கொண்டு, சீபே கோர்மன் என்னும் முக்குளிப்புக் கருவி செய்யும் கம்பெனியின் இரும்பறையிற் புகுந்து கதவை அடைக்கச்செய்து, காற்று மெல்ல மெல்லக் கெடுமாறு பல மணி நேரம் உள்ளே அமர்ந்திருந்தார். தலைவலியும் வாந்தியும் மூச்சிரைப்பும் அவர்களை வருத்தின. கரியமிலவாயு மிகுந்த காற்றில் நெடுநேரம் இருந்த மனிதன், தப்பும் வழி கண்ணெதிரே இருப்பினும், அதனைச் சரிவரக் கையாளும் தெளிவையும் வலிமையையும் இழந்துவிடுகிறான் என்பது விளங்கிற்று. மாண்டவர் அறிவிலார் அல்லர், கோழைகளும் அல்லர். காலந் தாழ்த்ததே அவரைக் கொன்றது.

இதன்பின் கடற்படையார் மேலும் ஆராயுமாறு அவரை வேண்டினர். இரண்டாம் மகாயுத்தத்தின்போது அவரும் அவர்தம் துணைவர் சிலரும் அதே இரும்பறைகளில் ஆழ்கடலின் அழுத்தத்தை நீரில்லாமலே உண்டாக்கித் தம் உடல்களைச் சோதனைக்கு ஒப்புவித்தனர். ஹெலன் ஸ்பர்வே, மார்ட்டின் கேஸ், ஹான்ஸ் கால்மஸ் முதலியோர் உடனிருந்தனர். ஸ்பெயின் நாட்டின் முன்னாள் பிரதம மந்திரியும் உடலியல் அறிஞருமாகிய ஹுவான் நெக்ரின் என்பாரும் அவ்வறையிற் புகுந்தனர்.

அழுத்தம் பத்து மடங்கான நிலையில் சாதாரணக் காற்றை மூச்சில் வாங்கிய அவர்கள் கள்ளுண்டவர்போல் ஆயினர். எளிய பெருக்கற் கணக்குகள் பிழைத்தன. சிறு இரும்புக் குண்டுகளை இடுக்கியால் எடுத்து வைக்கும் வேலையிற் கை தடுமாறிற்று. எல்லாம் நன்றாகவே நடக்கின்றது என்ற மயக்கமும் உடன் தோன்றிற்று. தான் தடுமாறுவதைத் தடுமாறுபவன் உணராமையே இதன் பெருங்கேடு. நைட்ரஜன் மிகுந்த அழுத்தத்திற் போதையூட்டும் என்பது இவ்வாறு செவ்வையாக அளக்கப்பட்டது.

அடுத்துக் குளிரை ஆராய்ந்தனர். உருகும் பனிக்கட்டி நிறைந்த தொட்டியில் ஹால்டேன் ஏறக்குறைய 35 நிமிஷம் கிடந்தார். அப்பொழுது கரியமிலவாயு கலந்த காற்றை மூச்சில் வாங்கினார். இறுதிப் பகுதியில் அழுத்தத்தையும் பத்து மடங்காக்கச் செய்தார். குளிர், கெட்ட காற்று, அழுத்தம் ஆகிய மூன்றும் ஒருங்கே தாக்கவே அவர் நினைவிழந்தார். ஒவ்வொன்றாகத் தனித்து வந்தாற் பொறுக்கத்தக்க பகைகள், கூடி வந்தால் எத்துணைக் கொடியவை என்பது அன்று தெளிவாயிற்று.

உயிர் காக்கும் பிராணவாயுவும் அளவு கடந்தால் நஞ்சாகும் என்பதையும் அவர்கள் தம் உடலிற் கண்டனர். மிகுந்த அழுத்தத்தில் தூய பிராணவாயுவை மூச்சில் வாங்கியோர்க்குச் சில நிமிஷத்திற்குள் முகத் தசைகள் துடித்து, முழு உடலையும் உலுக்கும் வலிப்புக் கண்டது. அத்தகைய வலிப்பொன்றில் ஹால்டேனுடைய முதுகெலும்பு ஊறுபட்டு, அவ்வலி அவரை ஆயுட்காலம் முழுவதும் தொடர்ந்தது. செவிப்பறையும் கிழிந்து துளைபட்டது. அத்துளை வழியே புகையிலைப் புகையை வெளியிட்டு நண்பர்க்கு வேடிக்கை காட்டினார் என்பர். துணைவருள் ஒருவர்க்கு நுரையீரல் கிழிந்தது. இவ்வாறு பெற்ற எண்கள், சிறு நீர்மூழ்கிகளிற் சென்றோர்க்கும், துறைமுகங்களிற் கண்ணிவெடிகளை அகற்ற மூழ்கியோர்க்கும், மூழ்கிய கப்பலிலிருந்து தப்ப முயன்றோர்க்கும் காப்பாயின.

இவ்வுண்மைகள் யுத்தத்தோடு ஒழிந்துபோகவில்லை. 1943இல் பிரான்ஸ் தேசத்தில் கூஸ்டோ, கான்யான் என்னும் இருவர் சுமந்து செல்லத்தக்க காற்றுக் கலத்தையும், மூச்சின் தேவைக்கேற்பக் காற்றை விடும் அடைப்பானையும் சேர்த்து அமைத்தனர். அதன்பின் கடற்படையினரேயன்றிச் சாதாரண மக்களும் ஆழங் காண முற்பட்டனர். இன்று ஸ்கூபா என வழங்கும் கலை இதுவே. குளிர்நாடுகளில் ஆழமான நன்னீர் ஏரிகள் பல உள. படகின் துணையின்றிக் கரையிலிருந்தே நடந்து சென்று அவற்றில் மூழ்குவோர் மிகப் பலர். நீர் ஏறக்குறைய 4 டிகிரி சென்டிகிரேடில் மிகக் கனமாயிருப்பது இயற்கை நியதி. ஆதலின் அத்தகைய ஏரிகளின் மேல்நீர் கோடையில் எவ்வளவு வெதுவெதுப்பாயிருப்பினும், அடிநீர் 4 டிகிரியை ஒட்டியே நிற்கும். அக்குளிரில் விரல்கள் மரத்துப்போகும். கலத்திலிருந்து விரிந்து வெளிப்படும் காற்று தானும் குளிர்வதால், அடைப்பானிற் பனிக்கட்டி உறைந்து காற்று நிற்காமற் பீறிடும். ஒளி குறையும், 100 அடிக்குக் கீழே நைட்ரஜன் போதை மெல்லத் தலைகாட்டும். இரும்பறையில் ஹால்டேனைத் தாக்கிய அதே பகைக் கூட்டம் அங்கே இயற்கையாகக் காத்து நிற்கின்றது. தனியே மூழ்கலாகாது, மூச்சை அடக்கிக்கொண்டு மேலெழலாகாது, விரைந்து ஏறலாகாது, மேலேறும் வழியில் தங்கி வரல் வேண்டும் என அங்கு மூழ்குவோர் காக்கும் விதிகள் எத்தனையோ பேர் வலியின் பயன்.

நம் மாவட்டத்தார்க்கு நெருங்கிய செய்தி ஒன்றும் இதனைச் சார்ந்துள்ளது. மலைமேலுள்ள ஏரியில் மூழ்குபவன் மேலெழுந்து வரும்பொழுது அவனை ஏற்பது இலேசான காற்று. ஏறக்குறைய 7,000 அடி உயரத்திலுள்ள கொடைக்கானலில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஐந்தில் நான்கு பங்கேயாகும். ஆதலின் மலையேரிகளிற் கடலுக்குரிய அட்டவணையை அப்படியே கையாண்டால் உடலிற் குமிழி எழும். ஸ்விட்ஸர்லாந்தின் மருத்துவ அறிஞர் பூல்மன் என்பார், ஹால்டேன் வகுத்த நெறியை விரித்து மலையேரிகளுக்கென்றே அட்டவணை அமைத்தார். கொடைக்கானல் ஏரி 1863இல் லெவிஞ் துரையால் அமைக்கப்பெற்ற ஆழமில்லாத ஏரி. அதில் இவ்வச்சம் எழ இடமில்லை. ஆனால் இராமேசுவரத்திலோ தூத்துக்குடியிலோ ஸ்கூபாக் கலத்துடன் கடலில் மூழ்கிய ஒருவர் அன்றைக்கே திண்டுக்கல் வழியாக மலையேறுவாராயின், கரையில் வாராத நோய் மலைப்பாதையில் வரக்கூடும். மூழ்கியபின் ஒருநாளேனும் சமவெளியில் தங்குதல் அறிவுடைமை.

இனி, ஹால்டேனிடம் குறைகள் இல்லாமலில்லை. அவர் கடுஞ்சொல்லர், மேலதிகாரிகளோடு ஓயாது பூசலிட்டவர். பொதுவுடைமைக் கட்சியிற் சேர்ந்திருந்த காலத்தில், ருஷியாவின் லைஸெங்கோ என்பார் மரபியல் உண்மைகளை மறுத்து மரபியலறிஞர்களை ஒடுக்கியபொழுது, அதனை வெளிப்படையாகக் கண்டிக்க நெடுங்காலம் தயங்கினார். தம் உடலைச் சோதனைக்கு ஒப்புவிப்பதில் அஞ்சாதவர், தம் கட்சியின் கொள்கையைச் சோதனைக்கு ஒப்புவிப்பதில் அஞ்சினார் என்றே சொல்லவேண்டும். உண்மையை விழைவோர்க்கு எவ்விடத்தில் அச்சம் வந்து புகும் என்பதனை இதனாலும் நாம் அறிகின்றோம். 1950ஆம் ஆண்டளவில் அவர் அக்கட்சியினின்று விலகினார்.

1957இல் ஹால்டேன் தம் மனைவியாராகிய ஹெலன் ஸ்பர்வேயுடன் இந்தியா போந்து, மஹாலனோபிஸ் அழைப்பின்படி கல்கத்தாவிலுள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனத்திற் சேர்ந்தார். எகிப்தின் சூயஸ் கால்வாய் விஷயத்தில் பிரிட்டன் நடந்துகொண்ட முறையை வெறுத்ததும் அவர் தாய்நாட்டை நீங்கியதற்கு ஒரு காரணம். ஈங்கு அவர் கதராடை உடுத்தார், புலாலுணவை விடுத்தார், இந்தியக் குடியுரிமையும் பெற்றார். விலையுயர்ந்த கருவிகள் இல்லையே என்று இந்திய மாணவர் ஏங்குவதை அவர் ஏற்கவில்லை. கண்ணும் கையும் எண்ணத் தெரிந்த மனமும் உடையவர்க்கு இந்நாட்டின் வயலும் தோப்புமே ஆராய்ச்சிச்சாலை என்று கற்பித்தார். அவர் தூண்டுதலால் டேவிஸ் என்பார் தென்னைமரத்து ஓலைகள் இடஞ்சுழியாகவும் வலஞ்சுழியாகவும் அமைவதை எண்ணிக் கணக்கிட்டார். ஜயகர் என்பார் ஸ்பர்வேயுடன் கூடி ஆள்காட்டிப் பறவை முட்டையிட்டு அடைகாக்கும் முறையை நாள்தோறும் இருந்து கண்டு எழுதினார். நம் திண்டுக்கல் மேட்டுநிலங்களில் ஆள்காட்டியின் கூவலைக் கேளாதவர் யாவர்? கேட்டு எழுதியவர் யாவர்? சென்னையிலிருந்து வெளிவரும் இந்து பத்திரிகையில் ஹால்டேன் எழுதிய கட்டுரைகளும் தென்னாட்டு மாணவரை இவ்வழியில் ஊக்கின.

கல்கத்தாவில் மேலோருடன் மனவேறுபாடு நேரவே, 1961இல் அந்நிறுவனத்தை விட்டு நீங்கி, அடுத்த ஆண்டு ஒரிஸா அரசாங்கத்தின் ஆதரவில் புவனேசுவரத்தில் மரபியல் ஆராய்ச்சிச்சாலை ஒன்றை நிறுவினார். அதனை நிலைபெறச் செய்ய அவருக்கு நாள் போதவில்லை. 1963இன் இறுதியில் லண்டனில் அவருக்குப் புற்றுநோய் இருப்பதாகக் கண்டு அறுவைச் சிகிச்சை செய்தனர். மருத்துவமனைப் படுக்கையிலிருந்தபடியே அந்நோயைப்பற்றி ஒரு நகைச்சுவைப் பாட்டெழுதி வெளியிட்டார். நோயை மறைத்து வைப்போர் காலந் தாழ்த்தி இறப்பதைத் தடுப்பதே அதன் நோக்கம். தீட்டஸ் கப்பலிற் காலந் தாழ்த்து மாண்டோரை ஆராய்ந்தவர்க்கு அவ்வெண்ணம் தோன்றியது இயல்பே. 1964ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் முதல் நாள் புவனேசுவரத்தில் அவர் காலமானார். அவர் விருப்பப்படியே அவரது உடல் ஆந்திர நாட்டுக் காக்கிநாடாவிலுள்ள ரங்கராயா மருத்துவக் கல்லூரிக்கு மாணவர் பயிலும் பொருட்டு அளிக்கப்பட்டது.

இவ்வரலாற்றினின்று நாம் கொள்ளத்தக்கது யாது? உயிரைப் பணயம் வைப்பது வீரமென்று கொள்ளுதல் பிழையாம். கிணற்றடியில் பந்தயங் கட்டி மூழ்குபவனும் உயிரைப் பணயம் வைக்கின்றான். அவனால் உலகிற்கு ஆவதொன்றுமில்லை. ஹால்டேன் அளவுகருவியோடு இறங்கினார், வெளியே காவலிருப்போரை நிறுத்தி இறங்கினார், கண்டதை எழுதிவைத்தார். அவர் இறங்கியது பின்னர் இறங்குவோர் இன்னலுறாமைப் பொருட்டு. பிறரை எவ்விடத்திற்கு அனுப்ப எண்ணினாரோ அவ்விடத்திற்குத் தாம் முதலிற் சென்றார்.

நம் கல்லூரியிற் பயின்று வெளிச்செல்வோர் நாளைக்குப் பொறியாளராவர், மேற்பார்வையாளராவர், ஆலை உரிமையாளராவர், நிலக்கிழாராவர். கிணற்றில் தூர் வாரவும், தோற்பதனிடும் தொட்டியைக் கழுவவும், கழிவுக் குழியைத் திறக்கவும் பிறரை ஏவும் நிலை அவர்க்கு வரும். மனிதக் கழிவை மனிதரே கையால் அகற்றுவதைத் தடுக்க 1993இலும் 2013இலும் சட்டங்கள் இயற்றப்பட்டன. எனினும் இறப்புகள் நின்றபாடில்லை. விளக்கு அணையாமல் எரிந்ததென்று மட்டும் நம்பி ஆளை இறக்கலாகாது. கார்பன் மோனாக்ஸைடையும், கழிவிலெழும் அழுகல் வாயுவையும் விளக்குக் காட்டாது. காற்றை அளக்கும் கருவி வேண்டும். நல்ல காற்றை உள்ளே செலுத்தவேண்டும். இடுப்பிற் கயிறும் மேலே ஆளும் வேண்டும். வீழ்ந்தவனைத் தூக்க மூச்சுக் கருவியின்றி இன்னொருவன் இறங்கலாகாது. இவையெல்லாம் ஹால்டேன் குடும்பத்தார் தலைமுறை இரண்டு பாடுபட்டுக் கண்ட உண்மைகளின் பயன். இவ்விதிகளை அறிந்தும் கைக்கொள்ளாமற் பிறனை ஏவுபவன், தான் இறங்கத் துணியாத இடத்தில் அவனை இறக்குகின்றான். அந்தக் குழியின் விளிம்பில் நின்று, இங்கு நான் இறங்குவேனா என்று ஒருமுறை தம்மையே கேட்டுக்கொள்வாராயின், நம் மாணவர் ஹால்டேனின் வரலாற்றை உள்ளபடி கற்றவராவர்.